டீக்கடையில் கேட்டதை மேடையில் சொன்னேன்

தலைமை தாங்கும் பெருந்தகை சக்கரபாணி அவர்களே! கீழ்பென்னாத்தூரின் பெரியோர்களே! வலிக்கும் முழங்காலை அமுக்கிப் பிடித்தபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

முழங்குவதற்கு இன்று நான் வரவில்லை. என் பிழையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் இதே மேடையில் என்ன சொன்னேன்? 'சிக்குன்குனியா! பெயரிலேயே சிக்கன் இருக்கிறது! கோழியைத் தள்ளுங்கள், காய்ச்சல் தள்ளி நிற்கும்!' என்றேன். யார் அங்கே சிரிப்பது? அன்று கைதட்டிய கைகள்தானே ஐயா இவை!

மறுநாள் கிராமச் செவிலியர் வள்ளி, எல்லம்மாள் வீட்டுக்குப் போனார். வாசலில் தண்ணீர்த் தொட்டி; தொட்டி நிறையக் கொசுப்புழு.

"இந்தத் தண்ணிய கொட்டிடுங்கக்கா. கொசு கடிச்சுதான் காய்ச்சல் வருது."

எல்லம்மாள் வாசலை மறித்தார்.

"நாங்கதான் கோழியே தொடறதில்லையே! மேடையிலயே சொல்லிட்டாங்க. நீ கெளம்பு."

வள்ளி திரும்பினார். தொட்டி அப்படியே நின்றது. பத்தே நாள்! எல்லம்மாள் படுத்தார், எதிர்வீடு படுத்தது, தெருவே படுத்தது. மல்லாட்டை பிடுங்க ஆளில்லாமல் கடலைக் கொல்லையெல்லாம் காய்ந்தது.

பார்க்கப் போனேன். தண்ணீர் டம்ளரைப் பிடிக்க அவருடைய விரல்கள் மடங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"ஒங்களுக்கு யாருங்க சொன்னது?"

யார் சொன்னது? மருத்துவரா? இல்லை! படித்த புத்தகமா? இல்லை! பேருந்து நிலைய டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று அவருக்கே தெரியாது!

"டீக்கடைலங்க" என்றேன். எல்லம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் மனம் எழச் சொல்கிறது. எழுந்தால் நடக்கச் சொல்கிறது. உண்மை சொன்ன பெண்ணை உங்கள் வாசலிலிருந்து விரட்டியது யார்? என் குரல்! நீங்கள் ரசித்த இந்தக் குரல்!

வேண்டாம், கைதட்டாதீர்கள். இனி எவர் முழங்கினாலும் எழுந்து கேளுங்கள்: 'ஒனக்கு யார் சொன்னது?' என்னை முதலில் கேளுங்கள்!

வள்ளி அம்மா, மேலே வாங்க. என்ன... மைக்கில் பேசி உங்களுக்குப் பழக்கமில்லையா? வாசலில் நின்று சொன்னதை அப்படியே சொல்லுங்கள், போதும்.

பொறுத்திருந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். தலைவர் எனக்குத் தந்த நேரத்தில் இன்னும் கால்மணி மீதி இருக்கிறது. நான் கீழே உங்களோடு உட்கார்ந்து கேட்கப்போகிறேன். கொஞ்சம் இடம் விடுங்கள்.