டிவி இல்லை என்ற கம்ப்யூட்டர்

காலை கும்மிடிப்பூண்டி ரயில் பொன்னேரியைத் தாண்டியதும், எனக்கு எதிரே இருந்த பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

"நம்ம கேன்டீன் கம்ப்யூட்டர் மூணு நாளா பொய் சொல்லிக்கினு கீதுக்கா."

கேன்டீன் டிவியில் ஷிப்ட் பட்டியல் காட்டும், கையகல லினக்ஸ் கம்ப்யூட்டராம். அதைக் கவனிப்பது அவள் வேலை.

"ஆபீஸ்ல இருந்தே அது எழுதி வெக்கிற லாக் குறிப்பப் பாத்தேன். டிஸ்ப்ளே, அதான் டிவியே இல்லன்னு எழுதிக்கீது. லினக்ஸையே ரெண்டு வாட்டி புதுசா போட்டேன். அப்பவும் அதே வரிதான். இன்னிக்கு கஸ்டமர் வேற வராங்க."

"நேர்ல போய்ப் பாத்தியா?"

"நேத்து சாயந்திரம்தான் போனேன். சொவுத்துல ஸ்டாண்டு மட்டும் கீது. டிவியக் காணோம்."

கேன்டீன் சாவிக்கொத்தைப் பைக்குள் தள்ளிவிட்டு அக்கா மெதுவாகச் சொன்னார்.

"பொன்னேரில எங்க ஊட்ல கீதும்மா. ஞாயித்துக்கிழம பொண்ணு வளைகாப்புல கல்யாண வீடியோ போட எடுத்தாந்தேன்."

"அந்த டிவியா? வளைகாப்புல அது முன்னாடிதானக்கா நான் ஒக்காந்து சாப்ட்டேன்."

பொன்னேரிக்கே திரும்பிப் போய் டிவியை எடுத்துவர, அடுத்த ஸ்டேஷனான கவரைப்பேட்டையில் இருவரும் அவசரமாக இறங்கினார்கள். இறங்கும்போது அக்கா சொன்னது காதில் விழுந்தது.

"படம் கண்ணாடியாட்டம் தெரியுதுன்னு நீ கூட சொன்னியேம்மா."