கெரினின் சோப்பில் இருந்தது

“என் பேத்தி நக்குற கார் கதவுல விஷத்தையா தேய்க்கிறே?” என்று டெஸ்லி கத்தியது நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

“உங்க பேத்தி கார் கதவ எதுக்கு நக்குறா, டெஸ்லி? வீட்ல சாப்பாடு போடறதில்லையா?”

கெரின் வாய்க்காரி. நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்று நல்ல காற்று. கத்தல் டெஸ்லியுடையது. சேதி என்னுடையது.

எங்களுடையது இரும்புத்தாது ஏற்றும் துறைமுகம். இங்கே வெள்ளைக் கார் வாங்குகிறவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் முட்டாள். சிவப்புத் தூசியைக் கழுவலாமென்றால் ஆழ்குழாய்த் தண்ணீரில் அத்தனை சுண்ணாம்பு. காய்ந்ததும் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி. டாஸ்மேனியாவிலிருந்து வந்த கெரின் பக்கத்து மனையில் கார் கழுவும் கொட்டகை போட்டு, தானே சோப்பு கலந்து விற்றாள். அதில் ஈ.டி.டி.ஏ. என்று ஒன்று. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பையும் இரும்பையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கார்மேல் உட்காரவிடாமல் தண்ணீரோடு கூட்டிப் போய்விடும். நுரையும் பொங்கும். என் மகன் கார்த் அங்கே வேலைக்குப் போனான். மூன்றாவது மாதம், “அம்மா, கெரினைக் கட்டிக்கப் போறேன்” என்றான்.

கடை படுத்தால் அவள் ஊருக்குப் போய்விடுவாள், பையன் எனக்கு மிஞ்சுவான். அவ்வளவுதான் என் கணக்கு. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

வலைப்பந்து மைதானத்துச் சிற்றுண்டிக் கடை சனிக்கிழமைகளில் என் பொறுப்பு. முட்டை சாண்ட்விச்சுக்கு மயோனைஸ் தடவிக்கொண்டே டெஸ்லியிடம் சொன்னேன்: “நான் ஒண்ணும் சொல்லலப்பா. அந்த சோப்பு பாட்டிலைத் திருப்பிப் படிச்சுப் பாரு. வாயில நுழையாத பேரு. உடம்புக்குள்ள போனா எலும்புச் சத்தையே உறிஞ்சிடுமாம்.” என் கையிலிருந்த மயோனைஸ் பாட்டிலிலும் அதே ஈ.டி.டி.ஏ. இருந்தது, 385 என்ற எண்ணாக. கெடாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். முந்தின நாளே நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். சோப்பில் இருக்கிற அளவுக்குத் தோலை ஒன்றும் செய்யாது, கண்ணில் பட்டால் எரியும், கழுவினால் போதும் என்றும் போட்டிருந்தது. டெஸ்லி இரண்டு சாண்ட்விச் சாப்பிட்டாள்.

சண்டைக்குப் பிறகு ஒரு மாதத்தில் கொட்டகையில் ஈ ஓட்டினார்கள். கெரின் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில், ‘இங்கே ஈ.டி.டி.ஏ. சேர்ப்பதில்லை’ என்று பலகை மாட்டினாள். ஜனங்கள் திரும்பி வந்தார்கள், வெள்ளைப் புள்ளிகளும் வந்தன. “காரைக் கழுவச் சொன்னா மாவு தெளிச்சுக் குடுத்திருக்கே!” என்று கிண்டல்.

புள்ளியை எடுக்க அவள் அமிலம் வாங்கினாள். நீல டிரம், அதன்மேல் கையை அரித்துத் தின்னும் படம். கார்த் அதைத் தெளிப்பானில் ஊற்றிச் சக்கரங்களுக்கு அடிப்பதை வேலிக்கு மேலாக எட்டு நாள் பார்த்தேன். பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கும். “வேர்வையில பனி மூடுது, கெரின், ஒண்ணும் தெரியல” என்பான். “போட்டுக்கடா, மடையா” என்பாள் அவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் பழைய சோப்பே தேவலை என்று ஆகிவிடும். அது நல்ல சோப்பு. கடை நிலைத்துவிடும்.

ஒன்பதாம் நாள் தெளிப்பான் குழாய் பிய்த்துக்கொண்டு அமிலம் அவன் கண்ணில் அடித்தது. அவன் “அம்மா” என்று கத்தவில்லை. “கெரின்” என்றுதான் கத்தினான். அவள் இருபது நிமிடம் அவன் முகத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டிப் பிடித்திருந்தாள். இப்போது அவனுக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. நான் அறைக்குள் போனால், “யாரு?” என்பான்.

விசாரிக்க வந்த அதிகாரிக்குத் தேநீர் கொடுத்தேன். அமிலம் வாங்கியது யார் என்று கேட்டார், சொன்னேன். எதற்காக வாங்கினாள் என்று அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கெரின் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். “என்னாலதான், லொரெல். நான்தான் அந்த எழவை வாங்கினேன். என்னை மன்னிச்சிருங்க.”

அழுகிற பெண்ணிடம் என்ன சொல்வது? “எழுந்திரும்மா” என்றேன். “மன்னிச்சிட்டேன்.”

டெஸ்லி மகள் வீட்டோடு அடிலெய்டுக்குப் போய்விட்டாள். கார்த்தும் கெரினும் பிப்ரவரியில் கல்யாணம் செய்துகொண்டு அவளுடைய ஊருக்கே போனார்கள். மாதம் தவறாமல் கெரின் கடிதம் போடுகிறாள். ஒவ்வொன்றிலும் என் பெரிய மனசைப் பற்றி ஒரு வரி. மன்னிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும்.