வெயிலில் வைத்த செம்மரக் கன்றுகள்

சூளகிரியில் ஏறிய ஓர் அம்மா, எனக்கு முன் இருக்கையில் இருந்த தன் மகளின் மடியில் துணி மூடிய அட்டைப்பெட்டியை வைத்தார். ஓசூர் தாண்டிப் பெங்களூர் போகும் பேருந்து அது.

"கண்ணு, ஒரு தப்பு பண்ணிட்டேன். இருட்டுல வெச்சதெல்லாம் வெளுத்துக் கெடந்துச்சு. பாவமா இருந்துச்சா, தூக்கி வெயில்ல வெச்சுட்டேன். பச்ச புடிச்சிருச்சு."

"செம்மரக் கன்னயா?"

"ஆமா."

"மெதுவாப் பேசும்மா. செம்மரம்னா செக்போஸ்ட்ல நம்மளயும் எறக்கிருவாங்க."

அம்மா சிரிக்கவில்லை.

"நாளைக்குத்தான் லேப்ல உனக்கு மிஷின் குடுத்திருக்காங்கன்னியே. ஒரு வருச வேல போச்சா?"

நானும் ஒரு பெண்ணைப் படிக்க அனுப்பியவள். பதிலுக்காக நானும் காத்திருந்தேன்.

"எனக்கு வேண்டியது மைட்டோகாண்ட்ரியாவோட டி.என்.ஏ. அம்மா வழியில வர்றது. பச்ச ஏறுனா அந்தப் பச்சையோட டி.என்.ஏ.வும் சேந்து வந்துரும். அதான் இருட்டுல வெக்கச் சொன்னேன்."

"ஐயோ."

"எனக்குக் காய்ச்சல்னாலே ஜன்னலத் தொறந்து வுடற ஆளு நீ. இதையும் வெயில்ல வெப்பேன்னு தெரியும். பாதிய ஹாஸ்டல்ல என் கட்டிலுக்கடியில வளத்துட்டேன். நாளைக்கு அது போதும்."

"அடிப்பாவி! அப்ப இது?"

"ஹாஸ்டல்ல இருக்கறத அரைச்சுருவேன், மிஞ்சாது. இத வூட்டுக்குக் கொண்டுபோய் நடு. அழியப்போற மரம்மா, நீ வெயில்ல வெச்சதாவது மரமாகட்டும்."

அம்மா பெட்டியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார். துணியை எடுத்துவிட்டு, வெயில் படும்படி ஜன்னல் பக்கம் நகர்த்தினார்.