ஆயான்னு கூப்பிடு

சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. 1942. பெங்களூர் தண்டு, வெள்ளைக்காரர்களின் கன்டோன்மென்ட். விடுதிக் குழந்தைகள் பதுங்குகுழிக்கு ஓடுகிறார்கள். டெய்சியைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடுகிறேன். குழி வாசலில் மேட்ரன் இங்கிலீஷில் கத்துகிறாள். வாட்ச்மேன் தமிழில் கத்துகிறார்.

"புள்ளைங்க மட்டும் உள்ள! ஆயாங்கல்லாம் மரத்தடிக்குப் போங்க!"

டெய்சி என் மகள். அது அங்கே யாருக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஆர்தர் சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர். ரங்கூன் ரயில்வேயில் கார்டு. நான் இதே பெங்களூர் லிங்கராஜபுரத்துத் தமிழச்சி. ரங்கூனில் குண்டு விழுந்தது. இந்தியாவுக்கு நடந்தே கிளம்பினோம். வழியில் பேதி கண்டு அவர் போய்விட்டார். இலை போட்டு மூடினேன். குழி தோண்ட நேரமில்லை.

தண்டு ரயிலடியில் அகதிகளைப் பிரித்தார்கள். வெள்ளைக்காரர், சட்டைக்காரர் ஒரு பக்கம். மற்றவர்கள் மறுபக்கம். என் மகள் என்றேன். குமாஸ்தா டெய்சியின் பூனைக்கண்ணைப் பார்த்தார். என் கறுப்பைப் பார்த்தார்.

"பெத்தவன்றியே, அத்தாட்சி இருக்கா?"

இல்லை. ரங்கூனில் கல்யாணம் நடந்த மாதா கோயிலே எரிந்துவிட்டது. பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அந்தப் பக்கம் டாக்டர் இருந்தார். கட்டில், பால் எல்லாம் இருந்தது. இந்தப் பக்கம் வரிசை மட்டும்.

"நான் அதோட ஆயாங்க."

பிள்ளை பிழைத்தது. சட்டைக்காரப் பிள்ளைகள் விடுதியில் சேர்த்தார்கள், என்னையும் ஆயாவாக வைத்துக்கொண்டார்கள். நான் அந்தச் சொல்லுக்குள் மாட்டிக்கொண்டேன்.

"ஆயான்னு கூப்பிடு கண்ணு. அம்மான்னா நம்மளப் பிரிச்சிடுவாங்க."

நாலு வயசு. புரிந்துகொண்டாள். தனியாக இருக்கும்போதுகூட ஆயா என்றே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்கு முன்பெஞ்சு. எனக்குக் கடைசியில் தரை.

குழி வாசலில் அவளை இறக்குகிறேன். சங்கு அலறுகிறது. ரங்கூன் ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு. கழுத்தை விடவில்லை.

"அம்மா! நீயும் வா! அம்மா!"

மேட்ரனுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். அந்தச் சொல் தெரியும்.

சங்கு நின்றது. விமானம் எதுவும் வரவில்லை. அன்று சாயங்காலமே என்னை வெளியே அனுப்பினார்கள். மேட்ரன் சொன்னதை வாட்ச்மேன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"கறுப்புத் தாய் வந்து போனா புள்ள கெட்டுடுமாம், அம்மா. இனி கேட்டுப் பக்கம் வராதீங்க."

போனேன். தினமும் போனேன். கேட் திறக்கவில்லை. போலீஸில் அத்தாட்சி கேட்டார்கள். பாதிரியார், பிள்ளையின் எதிர்காலத்தை நினை என்றார். போர் முடிந்ததும் அவளைக் கப்பலேற்றினார்கள். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை.

பெங்களூரில் குண்டே விழவில்லை, ஒன்றும் இழக்கவில்லை என்கிறார்கள். எழுதிக்கொள்ளுங்கள். ரங்கூனில் ஒரு வீடு. பர்மா வழியில் ஒரு புருஷன். பெங்களூரில், உயிரோடு, ஒரு மகள்.