முன்கையெழுத்துச் சீட்டை மறுத்த மருந்தாளுநர் பாமா அம்மையாருக்கு

உப்பல் அளவைக்கருவித் தொழிற்சாலையின் மருத்துவப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, தலைமை மருந்தாளுநராக இன்று, 2010 ஆகஸ்ட் 31ஆம் நாள், பணிநிறைவு பெறும் திருமதி பாமா சாரங்கபாணி அவர்களுக்கு, ஆலையின் தமிழ்ப் பணியாளர்கள் நிறைந்த பெருமையோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் வாசித்து வழங்கும் மடல்.

மருந்தறையின் மாண்பே! மாத்திரையை எண்ணுவதில் பிசகாத விரலும், மனிதரை எடைபோடுவதில் பிசகாத விழியும் பெற்றவரே! குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறித்துவைத்த கண்ணியமே! சொல்லில் காரமும் கையில் மென்மையும் சேர்ந்து வாய்த்தவரே! ஊசி குத்தியதே தெரியவில்லை என்று எங்கள் பிள்ளைகள் சொன்னதும், ஊசிக்கு முன்னால் நீங்கள் கேட்ட கேள்விகள்தாம் குத்தின என்று நாங்கள் முணுமுணுத்ததும் இரண்டுமே மெய்யாக விளங்கியவரே! வணக்கம்.

இம்மடலின் முதல் படியை எழுதிய பதிவேட்டுப் பிரிவுத் திருநாவுக்கரசு, "கருணைக் கடலே, பொறுமைப் பூமியே" என்றுதான் தொடங்கியிருந்தார். கடலையாவது விட்டுவைக்கலாம், பொறுமை என்ற சொல் காதில் விழுந்தால் நீங்களே மேடையில் எழுந்து மறுப்புத் தெரிவிப்பீர்கள் என்று மற்றவர்கள் அடித்துவிட்டோம். எழுத்துப் புரியாத மருந்துச் சீட்டை மருத்துவரின் மேசையிலேயே திருப்பி வைத்து, "இது மருந்துப் பேரா, மையில விழுந்த எறும்பு நடந்துபோன வழியா?" என்று கேட்டவர் நீங்கள். இல்லாததைச் சொல்லிப் புகழ்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததைச் சொல்லியே புகழ்கிறோம்.

மூன்று தலைமுறைகளுக்கு முன் கன்டோன்மென்ட் வேலைக்கு வந்து செகந்திராபாத்திலேயே வேரூன்றிய குடும்பத்தில் பிறந்து, தமிழோடு தெலுங்கும் தக்கனி உருதும் கலந்து பேசும் நாவோடு, 1976இல் இவ்வாலையின் முதல் பெண் மருந்தாளுநராக நீங்கள் வந்தீர்கள். தினமும் இரண்டு பேருந்து மாறி வந்தும், மருந்தறைக் கதவு எட்டு மணிக்குத் திறக்காத நாள் எங்கள் நினைவில் இல்லை. மாதாப்பூரில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து, மருந்தாளுநர் படிப்பு முடித்த பிள்ளைகள் எல்லாம் மருத்துவக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்குப் பறந்த ஆண்டுகளில், உங்கள் துறையில் இரண்டு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. உங்கள் மகள் மஹதியே அந்தப் பக்கம் போனவர்தான். மூன்று பேர் வேலையை ஒருவராகச் செய்துகொண்டே, "ஆளு கேட்டா, கம்ப்யூட்டர் தரேன்றாங்க. கம்ப்யூட்டர் வந்து இருமல் மருந்து ஊத்துமா?" என்று நீங்கள் அலுத்துக்கொண்டதை மேலாளர்களும் கேட்டுச் சிரித்தார்கள்.

செவிலியர் குறைவாக இருந்ததால், பயிற்சி பெற்ற மருந்தாளுநரும் தடுப்பூசி போடலாம் என்று எங்கள் ஆலையின் மருத்துவ விதி இடம் தந்திருந்தது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மருத்துவர் அன்றைக்கே அவரவரைப் பார்த்து, கேட்டு, சீட்டு எழுதித் தந்திருக்க வேண்டும். ஊசி போடும் நேரம் முழுவதும் மருத்துவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். போட்டுக்கொண்டவர் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் படித்தவர்கள் ஆலையில் பலர். அவற்றை நம்பியவர் நீங்கள் ஒருவர்.

நம்பாத எங்களிடம் வேறொரு வழக்கம் இருந்தது. அப்போதைய மருத்துவர் ராகவேந்திரா நல்லவர், இரக்கமுள்ளவர், யாரையும் காக்க வைக்கப் பொறுக்காதவர். அந்த நல்ல குணமே வினையாயிற்று. விடுப்பில் போகும்போதெல்லாம், நோயாளிகள் திண்டாடக் கூடாதே என்று வெறும் சீட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு ஒரு கட்டு வைத்துவிட்டுப் போவார். எங்கள் வாயில் அதற்கு 'அட்வான்ஸ் சீட்டு' என்று பெயர். தலைவலிக்கும் இருமலுக்கும் அதை நீட்டி மருந்து வாங்கினோம். நீங்களும் பல நாள் கண்டும் காணாமல் மருந்து கொடுத்திருக்கிறீர்கள். பின்னாளில் விசாரணையில் யாரும் கேட்காமலே அதை ஒப்புக்கொண்டவரும் நீங்கள்தான்.

2001ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மஞ்சள்காமாலைத் தடுப்பூசியின் இரண்டாம் தவணைக்கு நூற்று நாற்பது பேர் வரிசையில் நின்றோம். ஜீடிமெட்லா மருந்துக் கிடங்கிலிருந்து வந்த மருந்து பனிப்பெட்டியில் இருந்தது. மருத்துவர் முந்தின நாள் மாலையே தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். போகுமுன் நூற்று நாற்பது சீட்டிலும் எங்கள் பெயர்களை எழுதி, "பரிசோதித்தேன், தடை ஏதுமில்லை" என்று கையெழுத்திட்டு உங்கள் மேசையில் வைத்திருந்தார். நீங்கள் சீட்டுக்கட்டை எடுத்துப் பார்த்தீர்கள். பனிப்பெட்டியை மூடினீர்கள்.

தொழிற்சங்கச் செயலாளர் நடேசன்தான் முன்னால் வந்தார். "ஏம்மா, சீட்டு இருக்கு, ஊசி இருக்கு, நீங்க இருக்கீங்க. இன்னும் என்னதான் வேணும்?"

"டாக்டர் வேணும்."

"அவர் கையெழுத்துதான் இருக்கே!"

"ஹவ், ஆமா, கையெழுத்து இருக்கு. உங்க யாருக்காவது மூச்சு முட்டினா அந்தக் கையெழுத்து வந்து தூக்குமா? போங்க பா, போய் வேலையைப் பாருங்க. கைக்கூ, எதுக்கு இவ்ளோ அவசரம்?"

பணியாளர் பிரிவு மேலாளர் தொலைபேசியில் ஆணையிட்டார். எழுத்தில் தாருங்கள் என்றீர்கள். அவரும் சளைக்காமல் எழுத்திலேயே தந்தார். அதை வாங்கிப் படித்து, கோப்பில் பத்திரமாக வைத்துவிட்டு, மறுபடியும் மாட்டேன் என்றீர்கள். அன்று மாலையே உங்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. மேலதிகாரியின் எழுத்து ஆணையை மீறியது குற்றம் என்றது அது. தலைமை மருந்தாளுநர் பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வரவிருந்தது, அதில் உங்கள் பெயர் முதலில் இருந்தது, குறிப்பாணை நிலுவையில் உள்ளவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தும் பனிப்பெட்டியின் மூடி திறக்கவில்லை.

இப்போது வெட்கப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறோம். அந்தக் குறிப்பாணைக்கு வலுச் சேர்க்க ஒரு புகார் மனுவும் போயிற்று. "மருந்தாளுநரின் பிடிவாதத்தால் அரைநாள் உற்பத்தி பாழாயிற்று, தொழிலாளர் மனம் புண்பட்டது" என்று அதில் எழுதியிருந்தது. திருநாவுக்கரசின் அழகான கையெழுத்தில்தான் எழுதியிருந்தது. இன்று உங்களைப் புகழ எடுத்த அதே பேனாவால் அன்று உங்களை இகழ்ந்தார். கீழே நாற்பத்தொரு கையெழுத்து. இந்த மடலில் கையெழுத்திடும் பலரின் பெயர் அதிலும் உண்டு. முதல் கையெழுத்து இயந்திரப் பிரிவு அப்துல் காதருடையது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மருத்துவர் திரும்பி வந்து, ஒவ்வொருவராக உட்கார வைத்து விசாரித்த பிறகே முகாம் நடந்தது. முதல் ஊசிக்குப் பிறகு உடம்புக்கு ஏதாவது செய்ததா என்று கேட்டபோது அப்துல் காதர் கூசாமல் சொன்னார்: "ஊசியால ஒண்ணும் ஆகலே டாக்டர். அன்னிக்குக் கேன்டீன்ல கத்திரிக்கா தின்னுட்டேன். அதான் உதடெல்லாம் வீங்கி மூச்சு வாங்கிடுச்சு. வீட்ல கஷாயம் போட்டுக் குடுத்தாங்க."

"கத்திரிக்காயை எப்போ சாப்பிட்டீங்க?"

"ஊசி போட்டதும் நேரா கேன்டீன்தான். அரை மணி நேரம் உட்காரச் சொன்னாங்க, பசி தாங்கலே, நழுவிட்டேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். கத்திரிக்காயின் மேல் விழுந்த பழி பெரிய மருத்துவமனையில் நீங்கியது. அந்தத் தடுப்பூசியே அவர் உடம்புக்கு ஆகாது, இரண்டாம் தவணை உயிரையே பறித்திருக்கக்கூடும் என்று அங்கே எழுதித் தந்தார்கள். வெள்ளிக்கிழமைச் சீட்டுக்கட்டில் அவருடைய சீட்டு ஏழாவதாக இருந்தது. "பரிசோதித்தேன், தடை ஏதுமில்லை" என்று அதிலும் கையெழுத்து இருந்தது. நீங்கள் மூடியைத் திறந்திருந்தால், காலை ஒன்பதரை மணிக்குள் அப்துல் காதரின் முறை வந்திருக்கும்.

மருத்துவர் ராகவேந்திரா பெரிய மனிதர். பிழை தம்முடையது என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார், அட்வான்ஸ் சீட்டு அன்றோடு ஒழிந்தது. ஆனால் ஆலைக் கோப்புகளின் நடை உங்களுக்குத் தெரியும். குறிப்பாணை திரும்பப் பெறப்படப் பதினோரு மாதம் ஆயிற்று. அதற்குள் பட்டியல் வந்துபோய், பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. 2001இல் உங்களுக்கு வர வேண்டிய தலைமை மருந்தாளுநர் பதவி 2006இல்தான் வந்தது. அந்த ஐந்து ஆண்டுகளை எங்களால் திருப்பித் தர முடியவில்லை, இனியும் முடியாது.

புகார் மனுவின் நகல் உங்கள் கைக்கு வந்தது என்பதும், நாற்பத்தொரு பெயரையும் நீங்கள் படித்தீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் மருந்தறைச் சாளரத்துக்கு வரவே கூசினோம். நீங்களோ எப்போதும்போல மாத்திரையை நீட்டி, எப்போதும்போலத் திட்டினீர்கள். மன்னிப்புக் கேட்க வந்த அப்துல் காதரிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது: "மன்னிப்பெல்லாம் நக்கோ, வேணாம் காதர் பாய். மெடிக்கல் கார்டுல சிவப்பு மையில எழுதியிருக்கேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க."

அம்மையே, அவர் கேட்ட மன்னிப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. நாங்கள் இதுவரை கேட்கவே இல்லை. ஒன்பது ஆண்டு தாமதமாக, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறோம். தவறு செய்தோம். எங்களைக் காப்பாற்ற நின்றவரை எங்களுக்கு எதிராக நின்றவர் என்று நினைத்தோம். மன்னியுங்கள்.

உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கைக்கடிகாரம் தந்தார்கள், தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நிறையவே பேசினார்கள். எங்களிடம் தருவதற்கு ஒரு செய்திதான் இருக்கிறது. கடந்த வியாழக்கிழமை, ஓய்வூதியத் தாள்களில் கையெழுத்திட நீங்கள் நிர்வாகக் கட்டடத்துக்குப் போயிருந்தபோது, இங்கே காய்ச்சல் தடுப்பூசி முகாம். இப்போதைய மருத்துவர் உப்பல் நாற்சந்தி நெரிசலில் மாட்டிக்கொண்டார். பனிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தது, வேலைக்கு வந்து மூன்றே மாதமான உங்கள் உதவியாளர் ஹம்ஸினி. எதிரே அறுபத்திரண்டு பேர். யாராவது சத்தம் போட்டால் என்ன செய்வது என்று அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது.

புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுமையிழந்து, "மீரே வேசேயண்டி மேடம்" என்று தெலுங்கில் சொன்னார், நீங்களே போட்டுவிடுங்கள் என்று. ஹம்ஸினி வாய் திறக்க வேண்டியே வரவில்லை. வரிசையில் மூன்றாவதாக நின்ற நடேசன் திரும்பி, "நக்கோ சார். டாக்டர் வந்து பார்த்துதான் போடுவாங்க. இங்க அப்படித்தான்" என்றார். பொறியாளர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் இல்லை. ஒரு மணி பத்து நிமிடம் அறுபத்திரண்டு பேரும் காத்திருந்தோம். மருத்துவர் மூச்சிரைக்க வந்து மன்னிப்புக் கேட்டபோது, முதலில் தண்ணீர் குடியுங்கள் என்று நாங்கள் சொன்னோம். நீங்கள் அந்த நேரம் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. உங்களைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அஞ்சாத நெஞ்சே! அசையாத அறமே! கணவர் சாரங்கபாணி அவர்களோடும் மகள் மஹதியோடும், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பேரன் அச்யுத்தோடும், நோயின்றி நொடியின்றி நூறாண்டு நிறைவாக வாழ்க! இனி உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை நீங்கள் சாளரத்துக்கு வெளியே நின்று வாங்க வேண்டியிருக்கும். உள்ளே இருப்பவர் உங்களைக் கேள்வி கேட்பார். கேட்கும்படி வளர்த்தவர் நீங்கள்தான், கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் மருந்துக்கும் திட்டுக்கும் கட்டுப்பட்ட,

அப்துல் காதர், இயந்திரப் பிரிவு
நடேசன், தொழிற்சங்கம்
திருநாவுக்கரசு, பதிவேட்டுப் பிரிவு
ஹம்ஸினி, மருந்தறை
மற்றும் உப்பல் ஆலையின் தமிழ்ப் பணியாளர்கள் அனைவரும்