மயிர் உள்ள எலி

திகனயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் தென்னக்கும்புர பாலத்தடியில் அசையாமல் நின்றது. என் முன் சீட்டில் ஆய்வுகூட அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள்.

“மயிர் உள்ள எலியை ஏன் பிள்ளை வெளியில எடுத்தனீர்?” என்றார் மூத்தவர்.

“கூட்டுல எல்லாமே மொட்டை எலிங்க மிஸ். இது மட்டும் முடியோட இருந்திச்சு. மாறி வந்திருச்சுன்னு நெனச்சேன்,” என்றாள் இளையவள்.

“ஐயோ, குட்டியளுக்குப் பால் குடுக்கிறதே அதுதான். மொட்டை எலியளுக்கு மயிர் கொட்டுறதோட முடியாது. தோல் சுருங்கும், நகம் வளையும், பாலும் சரியாச் சுரக்காது. அதுக்காகத்தான் மயிர் உள்ளதைத் தாயா விடுறது.”

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

“குட்டியளின்ர வயித்தில பால் வெள்ளையாத் தெரிஞ்சதோ?”

“காலையில தெரிஞ்சிச்சு. வரும்போது தெரியல மிஸ்.”

“பாத்திட்டும் பேசாம வந்தனீரோ?”

“ஒரு மொட்டை எலி குட்டிங்கள அணைச்சுக்கிட்டுப் படுத்திருந்திச்சு. அதுதான் தாயின்னு...”

“அணைக்கும் பிள்ளை. குடுக்கத்தான் ஒண்டுமில்லை.”

மூத்தவர் எழுந்து பெல் அடித்தார். இருவரும் இறங்கினார்கள். எதிர்ப்பக்கத்துத் திகன பஸ்ஸும் அசையாமல்தான் நின்றது. அதைத் தாண்டி, வந்த வழியே ஓடத் தொடங்கினார்கள்.