புதன்கிழமைக் கதிரை

மேடையில் இருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, லிங்கநகரிலிருந்தும் துறைமுகப் பக்கமிருந்தும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் உறவுகளே, ஈச்சிலம்பற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும் வீரக்குட்டி அண்ணரே, எல்லோருக்கும் துக்கத்தோடு என் வணக்கம்.

இந்தச் சபையின் செயலாளர் நான். செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவன் என்று பெயரெடுத்தவன். ஒலிவாங்கியைத் தரும்போது போதகர் ஐயா, "அஞ்சு நிமிசம், அளவாய்" என்று காதுக்குள் சொன்னதன் காரணம் உங்களுக்கே தெரியும். ஐயா, பயப்பட வேண்டாம். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். ஒரு பகிடியும் வரவில்லை.

நாம் பறிகொடுத்து நிற்கும் இந்தக் கனகமணி அம்மையார் யார்? துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் தொலைபேசி இணைப்புக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை! புதன்கிழமை தோறும் பின்னேரம் ஐந்து மணிக்கு, இதே மண்டபத்தில், பத்துப் பதினைந்து பேரை வட்டமாக இருத்திக் கடவுளிடம் முறையிட வைத்தார். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. சட்டம் ஒன்றே ஒன்று: ஒருவர் அழுது முடிக்கும்வரை மற்றவர் எவரும் "ஸ்தோத்திரம்" சொல்லக் கூடாது.

"இவ்வளவு முறையிடுறீங்கள், அவர் என்ன பதில் சொன்னவர் அக்கா?" என்று ஒருநாள் நக்கலாகக் கேட்டேன்.

"லைன் குடுக்கிறதுதான் தம்பி என்ர வேலை. எடுக்கிறது அவரின்ர பாடு. ஆனா இஞ்சயிருந்து மணி அடிச்சுக்கொண்டே இருக்கோணும்."

வீரக்குட்டி அண்ணரின் மகனைக் கடல் கொண்டுபோன கிழமை, அம்மையாரோடு நானும் ஆட்டோவில் போனேன். போன கையோடு என் வாய் சும்மா இருந்ததா? "அழாதேங்கோ அண்ணை, மகன் மகிமைக்குள்ள போயிட்டார்" என்று தொடங்கினேன். அம்மையார் என் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, நீர் போய் ஆட்டோக்குள்ள இரும்" என்றார். அந்த வயதில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்!

ஆட்டோவிலிருந்தே எல்லாம் கேட்டது. "என்ன கேக்கோணுமோ அவரிட்டயே கேளுங்கோ. கேட்டு முடியுமட்டும் நான் இருக்கிறன்" என்றார் அம்மையார். பிறகு வீரக்குட்டி அண்ணர் கேட்டார்: "ஆண்டவரே, பிள்ளையை எடுத்துப்போட்டு அடுத்தநாள் கடலை அடக்கினனீர். அடக்க ஏலுமெண்டா முதல்நாளே அடக்கியிருக்கலாம்தானே?"

சபையே, இதற்கு எந்தப் பிரசங்கியிடம் பதில் இருக்கிறது? இருட்டும்வரை அம்மையார் அவரோடு கூட இருந்தார். அவ்வளவுதான் செய்தார்.

இனி என் கதை. இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவி தயா போனாள். அந்தச் செத்த வீட்டிலும் நான் பகிடி விட்டேன். வந்தவர்கள் சிரித்தார்கள். "என்ன விசுவாசம்! என்ன தைரியம்!" என்றார்கள். விசுவாசமா அது? வாயை மூடினால் என்ன சத்தம் வெளியே வருமோ என்ற பயம். எட்டு நாளும் அம்மையார் வந்தார். தேத்தண்ணியோடு ஒரு பகிடியும் கொடுத்தேன். தேத்தண்ணியை மட்டும் குடித்தார். எட்டாம் நாள், "முடிஞ்சுதா தம்பி? நான் இருக்கிறன்" என்றார். நான் இன்னொரு பகிடி சொன்னேன்.

அதோடு விட்டேனா? போன வருடம் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. புதன்கிழமை அழுகையால் இளம் குடும்பங்கள் சபைக்கு வரப் பின்நிற்கின்றன, அதை நிறுத்திவிட்டுத் துதி ஆராதனை வைப்போம் என்று. கொண்டுவந்தது நான். எழுதியது நான். கையெழுத்து வைத்ததும் நான். மற்றவர்கள் தலையாட்டினார்கள், அந்தத் தலைகளில் சில இப்போது குனிந்திருக்கின்றன. கவலைப்படாதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால், இளம் குடும்பங்களுக்காக நான் அதைக் கொண்டுவரவில்லை. புதன்கிழமைகளில் இந்த மண்டபத்தைத் தாண்டிப் போக என்னால் ஏலாமல் இருந்தது.

அம்மையார் சண்டை பிடித்தாரா? இல்லை. கூட்டத்தைத் தன் குசினிக்குள் கொண்டுபோனார். மீன் சட்டிக்கும் அரிசிப் பானைக்கும் நடுவில் பதினொரு பேர்.

போன கிழமை, இரங்கல் பதாகைக்கு அவருடைய படம் ஒன்று வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். குசினியில் கதிரைகள் வட்டமாகவே இருந்தன. எண்ணினேன், பன்னிரண்டு. கால் உளைந்ததில், கதவோரம் இருந்த ஒன்றில் இருந்துவிட்டேன். மகள் மதிவதனா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை மாமா. அதில ஆரையும் இருக்க விடமாட்டா அம்மா. அவன் வருவான், பிந்தித்தான் வருவான் எண்டு சொல்லி, ஒவ்வொரு புதனும் எடுத்துப் போடுறவ."

பிந்தித்தான் வந்தனான், அக்கா. நீங்கள் போன பிறகு வந்தனான்.

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது நம் வழக்கம். அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்லி, வடையோடு கலைந்துவிடுவோம். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. வருகிற புதன்கிழமை ஐந்து மணிக்கு இந்த மண்டபம் திறந்திருக்கும். திறப்பு என் சட்டைப்பைக்குள் இருக்கிறது. போதகர் ஐயா, செயற்குழு கூடும்வரை காத்திருக்க மாட்டேன். வேண்டுமானால் என் பதவியை எடுங்கள், திறப்பைத் தரமாட்டேன்.

மேடையோரத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் கதிரை ஏன் கிடக்கிறது என்று பார்க்கிறீர்கள் அல்லவா? மதிவதனாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, தெரியும். ஆனாலும் இதில் சற்று இருக்கப் போகிறேன். நான் முடிக்கும்வரை தயவுசெய்து எவரும் ஸ்தோத்திரம் சொல்லாதீர்கள். தண்ணீரும் கொண்டுவர வேண்டாம்.

ஆண்டவரே, இந்த ஊர் முழுக்க என் பகிடிக்குச் சிரித்தது. என்னை அறிந்து, சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர். முதலில் தயாவை எடுத்தீர். இப்போது அக்காவையும் எடுத்துவிட்டீர். இனி நான் அழாமல் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்? சொல்லும். நான் போனை வைக்க மாட்டேன். மணி அடிக்கிறது, எடும்.